ஓஸ்டர்காம்பின் சுத்தமான கையெழுத்து

அரிசோனா மாநிலத்து மேசா நகரின் விடுதிக் கூடம் ஒன்றில், மார்ச் மாதத்துச் சனிக்கிழமைக் காலையில் பேஸ்பால் அட்டைச் சந்தை கூடியிருந்தது. கையெழுத்து மெய்யா பொய்யா என்று சோதித்துச் சொல்பவர்களின் மேசைக்கு முன்னால் நீண்ட வரிசையில் ஒரே ஓர் அட்டையோடு நின்றவள் லோர்னா வகோவியாக் ஒருத்திதான். மற்றவர்கள் பெட்டி பெட்டியாகத் தூக்கி வந்திருந்தார்கள். அவளுடையது சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவுள்ள, வழவழப்பான அட்டை. வேட் ஓஸ்டர்காம்ப் என்னும் இடதுகைப் பந்தெறிபவன் பெரிய அணிக்கு வந்த முதல் ஆண்டில் அச்சானது. அவன் பந்தை விடும் கணத்தின் படமும், படத்தின் குறுக்கே நீல மையில் அவன் கையெழுத்தும் அதில் இருந்தன.

அவளுக்குப் பின்னால் மூன்று பெட்டிகளைத் தரையில் வைத்து, காலால் தள்ளித் தள்ளி நகர்த்திக்கொண்டிருந்த ஒரு தடித்த மனிதர் எட்டிப் பார்த்தார்.

"ஒத்தை கார்டுக்கா இவ்வளவு நேரம் நிக்கறீங்க? என்கிட்ட இருநூறு இருக்கு."

"இருநூறு இருந்தா அதுல நூத்தித் தொண்ணூறு குப்பையா இருக்கும். என்னோடது ஒண்ணே ஒண்ணு."

"அடேங்கப்பா, வாய் மட்டும் உலகக் கோப்பை வாங்கிடும் போல. யாரு அது? ஓஸ்டர்காம்பா? காட்டுங்க." அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "என்ன இது, இழுப்பே இல்லையே!"

அந்தச் சொல்லுக்காகவே லோர்னா காத்திருந்தாள். ஓஸ்டர்காம்ப் இடதுகைக்காரன் என்பதாலும், எழுதி முடித்த கையைத் தூக்கும் பொறுமை இல்லாதவன் என்பதாலும், ஈர மையின்மீது அவன் உள்ளங்கை உரசிப் போகும். பெயரின் நடுவிலிருந்து வலப்பக்கமாக ஒரு நீலப் புகை படியும். அவன் கையெழுத்திட்ட அட்டைகளில் அந்த இழுப்பு இல்லாத ஒன்றை எவரும் கண்டதில்லை. சேகரிப்பவர்கள் அதைக் குறை சொல்லிக்கொண்டே சேர்த்தார்கள். அவன் ஆடியதோ ஒன்றரைப் பருவம்தான். தோள் போனது, நெப்ராஸ்காவில் உள்ள பண்ணைக்குத் திரும்பினான். இப்போது எவர் அட்டை அனுப்பினாலும் உறை பிரிக்கப்படாமலே திரும்பி வந்துவிடுகிறது.

லோர்னா அந்த மனிதருக்கு முழுக் கதையையும் சொன்னாள். பலமுறை சொல்லிப் பழகிய கதை. எங்கே நிறுத்தினால் கேட்பவர் கண்கள் கசியும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுக்காக அவள் மில்வாக்கி மருத்துவமனையில் கிடந்தாள். ஆண்டுதோறும் அவளோடு அரிசோனாப் பயிற்சி முகாமுக்கு வரும் நண்பன் ரஸ் ஹாலிக் அந்த ஆண்டு தனியாக வந்தான். ஓஸ்டர்காம்ப் பின்பக்க மைதானத்தின் வேலியோரம் வந்தபோது, ஆளுக்கு ஒரு கையெழுத்துதான் போடுவேன் என்றான். ரஸ்ஸின் ஒரு கையில் அவன் சொந்த அட்டை. மறு கையில் அவளுடையது. அவளுடையதை நீட்டினான்.

"தன் முறையை எனக்குக் குடுத்துட்டான்" என்றாள் லோர்னா. "இன்னைக்கு வரைக்கும் அவன்கிட்ட ஓஸ்டர்காம்ப் கிடையாது."

"அந்த மாதிரி ஒரு ஆள் எனக்கும் வேணும்" என்றார் தடித்தவர். "என் மச்சான் என் பேனாவையே திருப்பித் தர மாட்டான்."

மருந்து உடலுக்குள் ஏறிக்கொண்டிருந்த ஐந்து மாதங்களும் அந்த அட்டை அவள் கட்டிலுக்கு அருகே தண்ணீர்க் குவளையில் சாய்ந்து நின்றது. தன் பெயரைச் சொல்லி ஒருவன் எங்கோ வெயிலில் நின்றான் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சான்று அது. இந்த ஜனவரியில், இனி ஆண்டுதோறும் சோதனைக்கு வர வேண்டியதில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதைக் கொண்டாடும் விதமாகவே அட்டையை மெய்யென்று முத்திரையிட்டுக் கெட்டிப் பேழைக்குள் அடைத்து வாங்க அவள் வந்திருந்தாள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவன் கீனன் என்ற இளைஞன். கையுறை அணிந்து அட்டையை வாங்கினான். விளக்கைப் பக்கவாட்டில் திருப்பி, பூதக்கண்ணாடியைத் தாழ்த்திப் பார்த்தான். பிறகு திரையில் நான்கைந்து கையெழுத்துகளை விரித்துவைத்து, மறுபடி அட்டைக்கு வந்தான். அவன் எடுத்துக்கொண்ட நேரம் பாராட்டின் அறிகுறி என்றே அவள் நினைத்தாள்.

"எங்களால இதுக்கு உறுதி சொல்ல முடியல, மேடம்."

"அப்படின்னா?"

"கருத்து எதுவும் சொல்லாம திருப்பித் தர்றோம்னு அர்த்தம்."

"தம்பி, நான் முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவ. சுத்தி வளைச்சுப் பேசற பசங்களை எனக்குத் தெரியும். நேரா சொல்லு."

கீனன் வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இது வலதுகை. மை எங்க அழுத்தமா விழுந்திருக்கு பாருங்க, கோடு சாயற பக்கம் பாருங்க. அதோட இதை யாரும் எழுதல. மெதுவா வரைஞ்சிருக்காங்க. நல்லாப் பழகின கை. இவ்வளவு அழகா ஓஸ்டர்காம்ப் ஒருநாளும் போட்டது கிடையாது."

"என் ஃப்ரெண்டு கண்ணு முன்னாடி போட்டது."

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

பின்னால் நின்ற தடித்தவர் சட்டென்று குனிந்து தன் பெட்டிகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். அவை ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

அவளும் ரஸ்ஸும் தங்கியிருந்த மோட்டல் இரண்டு தெரு தள்ளி இருந்தது. அந்தத் தூரத்துக்குள் லோர்னா ரஸ்ஸுக்காக மூன்று வாதங்களை அடுக்கினாள். மை காயும்வரை ரஸ் அட்டையைத் தட்டையாகப் பிடித்திருக்கலாம். அன்று ஓஸ்டர்காம்ப் அவசரமின்றி இருந்திருக்கலாம். கீனனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவன் பார்த்த ஓஸ்டர்காம்ப் எல்லாம் திரையில் பார்த்தவை. மூன்றும் நன்றாகவே நின்றன. ஆனால் ரஸ் ஹாலிக் நாற்பது ஆண்டுகளாக லாரிக் கதவுகளிலும் கடைப் பலகைகளிலும் தூரிகையால் எழுத்து எழுதிப் பிழைத்தவன் என்ற ஒன்று, எவ்வளவு விலகி நடந்தாலும் அவளோடு கூடவே வந்தது.

முழங்கால் வலி என்று சந்தைக்கு வராமல் இருந்த ரஸ், அறைக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு, காலை நாற்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். மேசையில் பாதி தின்ற பம்பளிமாஸ், உப்புக் குப்பி, மறுநாள் வேலியோரம் நீட்டவேண்டிய அட்டைகள். அவனுடையவை இடப்பக்கம், அவளுடையவை வலப்பக்கம். யாருக்கு எது என்று குழம்பாதிருக்க நடுவில் வானொலி. அதில் ஒரு பயிற்சி ஆட்டத்தின் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது.

"வாம்மா மகாராணி. பேழை எங்க? கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிரீடம் மாதிரி வச்சுத் தந்தானுங்களா?"

"தரல."

"ஏன், வரிசை பெருசா?"

"அது ஓஸ்டர்காம்ப் போட்டது இல்லைன்னு சொல்றான்."

ரஸ் கரண்டியைப் பம்பளிமாஸில் குத்தினான். "எவன் சொன்னான்? அந்தக் கையுறைப் பசங்களா? போன வருஷம் நான் நேர்ல வாங்கின கார்டையே சந்தேகமா இருக்குன்னு திருப்பித் தந்தவனுங்க. தொப்பியை நேரா வைக்கத் தெரியாது, தீர்ப்பு சொல்ல வந்துட்டானுங்க."

லோர்னாவின் மூச்சு இறங்கியது. இதைத்தான் அவன் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். இதே ஏளனத்தோடு, கரண்டியை விடாமல்.

"வலதுகைன்னு சொன்னான், ரஸ்."

"இருக்கும். வெயில்ல அவன் எந்தக் கையால போட்டானோ! நானா அவன் கையை எண்ணிக்கிட்டு இருந்தேன்?"

இடதுகைப் பந்தெறிபவன் எந்தக் கையால் எழுதினான் என்று கவனிக்காதவன் அந்த வேலியோரம் ஒருவனும் இல்லை. இருபத்துமூன்று ஆண்டுகளாகப் பேனாவை எந்தப் பக்கத்திலிருந்து நீட்ட வேண்டும் என்று அவளுக்கு அடித்து அடித்துச் சொன்னவனே ரஸ்தான்.

அவள் அவனுடைய ஆல்பத்தை இழுத்து மடியில் வைத்தாள். அதில் புதுமை ஏதும் இல்லை. மனம் அலைந்தால் அவள் எப்போதும் செய்வது அது. ஒவ்வொரு தாளிலும் ஒன்பது பைகள், பைக்கு ஓர் அட்டை. இடதுகைக்காரர்களுக்கென்று அவன் தனியாக ஒதுக்கிய பக்கங்களுக்குப் போனாள். மற்றவர்களின் மை எப்படி உரசியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது மட்டுமே அவள் எண்ணம்.

"அதை ஏன் இப்ப எடுக்கறே?" என்றான் ரஸ். "கை பிசுபிசுன்னு இருக்கும். கழுவிட்டு எடு."

"நான் பம்பளிமாஸ் திங்கல. நீதான் திங்கறே."

இரண்டாவது தாளின் நடுப் பையில் அவள் கட்டைவிரல் நின்றது. அந்தப் பை மற்றவற்றைவிடத் தடித்திருந்தது. யாரும் நினைவில் வைத்திராத ஒரு வலதுகைப் பந்துபிடிப்பவனின் அட்டை முன்னால் இருந்தது. இடதுகைக்காரர்களின் பக்கத்தில் அவனுக்கு வேலை இல்லை. அவள் பைக்குள் நகத்தை விட்டாள்.

"லோர்" என்றான் ரஸ். "லோர், வேண்டாம்."

பின்னால் இன்னோர் அட்டை இருந்தது. வேட் ஓஸ்டர்காம்ப், அதே படம். பெயரின் நடுவிலிருந்து வலப்பக்கம்வரை நீலப் புகை. கையெழுத்துக்கு மேலே, படத்தில் வானம் இருந்த இடத்தில், அட்டையின் வழவழப்பு போய் மங்கலாக ஒரு பட்டை. ஏதோ ஊற்றித் தேய்த்த இடம்.

அவள் கதவுப் பக்கம் திரும்பி, உள்ளே வந்த ஒளிக்கு அட்டையைச் சாய்த்தாள். மை இல்லை. பேனா அழுந்திய பள்ளம் மட்டும் இருந்தது. முதல் எழுத்தின் நீண்ட தண்டும் அடியில் அது வளையும் இடமும் தெரிந்தன. மெல்ல மெல்ல மற்ற எழுத்துகளும் எழுந்துவந்தன. அவளுடைய பெயர். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அது கலங்கிக் கிடந்தது.

ரஸ் வானொலியை நிறுத்தினான்.

"சொல்லு" என்றாள் அவள்.

"உன்னைப் பத்தி அவன்கிட்டச் சொன்னேன். அவ்வளவுதான் நான் பண்ணின தப்பு. ஆஸ்பத்திரியில இருக்கா, இல்லைன்னா இங்கதான் நிப்பான்னேன். உடனே 'அவங்க பேர் என்ன?'ன்னான். நான் சொல்லிட்டேன், லோர், சும்மா பேச்சுவாக்குல. பேனாவை நான் பிடிச்சு நிறுத்தறதுக்குள்ள எழுத ஆரம்பிச்சுட்டான்."

"சரி."

"என்ன சரி? கார்டுமேல பேரு! உனக்குத் தெரியாதா? அதுவரைக்கும் பதினாலு வருஷம் வேலி பக்கத்துல நின்னு 'பேர் வேண்டாம், பேர் வேண்டாம், கையெழுத்து மட்டும்'னு கத்தினவ நீ. பேர் எழுதின கார்டைப் பார்த்தா மூஞ்சியைச் சுளிப்பே. சிக்கன் தின்ன கையால தொட்ட மாதிரி இருக்குன்னு நீதானே சொன்னே? அந்த நிலைமையில உனக்குப் போய் அதைக் குடுப்பேனா?"

அது உண்மைதான். ஒரு பெயர் ஏறிவிட்டால் அந்த அட்டை அந்த ஒருவருக்கு மட்டுமே சொந்தம்; வேறெவருக்கும் அது பாழ். அவர்கள் இருவரும் பழகிய சட்டம் அப்படி. அவளே பலருக்கு அதைக் கற்பித்திருக்கிறாள். ஆனால் அந்தச் சட்டத்தைத் தன்மீது வைத்துப் பார்த்தபோது அது பொருந்தவில்லை.

"அதனால தேய்ச்சே."

"காருக்குள்ள உக்கார்ந்து தேய்ச்சேன். ஸ்பிரிட்டும் பஞ்சும் வச்சு. உன் பேர் போச்சு, வழவழப்பும் சேர்ந்து போச்சு. அதைக் குடுக்க முடியாம ஆயிடுச்சு. மறுநாள் ஊருக்குப் போறேன், நீ போன்ல 'வாங்கினியா, வாங்கினியா'ன்னு கேக்கறே. உன் குரலே இல்லை அது. எலிக்குஞ்சு மாதிரி இருந்தது. என்னோட கார்டு காலியா இருந்தது. நான் எழுத்து எழுதறவன். எழுதினேன்."

"எத்தனை தடவை பழகினே?"

"என்ன?"

"என் கார்டுல போடறதுக்கு முன்னாடி, எத்தனை தடவை எழுதிப் பார்த்தே?"

ரஸ் தரையைப் பார்த்தான். "ஒரு நோட்டு."

"இழுப்பு வைக்கணும்னு தோணலையா உனக்கு?"

"உனக்குச் சுத்தமானது பிடிக்கும்" என்றான் அவன். "வச்சா அழகு போயிடும்னு நினைச்சேன்."

அவள் சிரித்திருக்கக்கூடும், வேறொரு நாளில், வேறொருவர் அட்டையைப் பற்றிய பேச்சாக இருந்தால். அவன் சொன்ன ஒவ்வொன்றையும் அவளால் புரிந்துகொள்ள முடிந்தது. மன்னிக்கவும் அதில் இடம் இருந்தது. ஆனால் அவளுக்கு வேறொன்று நினைவு வந்தது. ரஸ்ஸின் அறுபதாவது பிறந்தநாளில், கெனோஷா ஊரின் பவுலிங் கூடத்தில், நாற்பது பேர் முன்னால் கோப்பையை உயர்த்தி இந்தக் கதையைச் சொன்னவள் அவள். 'தன் முறையை எனக்குக் குடுத்துட்டான்.' எல்லோரும் கைதட்டினார்கள். ரஸ் தலையைக் குனிந்தான். அடக்கம் என்று அவள் நினைத்தாள்.

"பர்த்டே அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே."

"நாப்பது பேர் முன்னாடியா?"

"மறுநாள். காரை விட்டு இறங்கும்போது. ஒன்பது வருஷத்துல ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை."

"சொல்லத்தான் நினைச்சேன். ஒவ்வொரு வருஷமும் நீ அந்தக் கதையை இன்னும் கொஞ்சம் நல்லாச் சொல்ல ஆரம்பிச்சுட்டே."

"இதை ஏன் வச்சிருந்தே? தூக்கி எறிஞ்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

அவன் பம்பளிமாஸ் தோலைக் கரண்டியால் சுரண்டினான். "அது அவன் கையெழுத்து, லோர். ஓஸ்டர்காம்ப். எப்படி எறிவேன்?"

ஆக, அவனிடம் ஓஸ்டர்காம்ப் இருந்திருக்கிறது. வேலியோரம் புதிதாக வந்தவர்கள் அவன் தோளைத் தட்டி, "நீங்கதானா அந்த ஆளு?" என்று கேட்ட ஒவ்வொரு மார்ச்சிலும், அவள் பெயரைத் துடைத்த இடத்தோடு அது அவன் அக்குளில் இடுக்கியிருந்த ஆல்பத்துக்குள் இருந்திருக்கிறது.

அவள் மறுபடி அட்டையைச் சாய்த்தாள். பெயர் எழுந்தது. கீழ்வரி எழவில்லை. நான்கு சொற்களாக இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். அங்கே அவன் அதிகமாகத் தேய்த்திருந்தான்.

"இங்க என்ன எழுதியிருந்தான்?"

"எங்க?"

"என் பேருக்குக் கீழ."

ரஸ் எழுந்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தான். நெடுநேரம் பார்த்தான். "சீக்கிரம் குணமாகுங்கன்னு..."

"அப்படியா எழுதியிருந்தான்?"

"அந்த மாதிரிதான். இல்ல, இரு. 'அடுத்த வருஷம் வேலிகிட்ட பார்க்கலாம்'. ஆமா, அதுதான். வேலின்னு ஒரு வார்த்தை இருந்தது."

"இதுல அவ்வளவு வார்த்தைக்கு இடம் இல்லை."

"அப்ப 'தைரியமா இருங்க'. இல்லைன்னா ஆட்டத்தைப் பத்தி ஏதோ... 'இன்னும் ஆட்டம் முடியல'ன்னு. அதுவாத்தான் இருக்கும். பந்தெறியறவன் வேற என்ன எழுதுவான்? அது உனக்குப் பொருத்தமாவும் இருக்கு பாரு."

அவன் முகத்தில் ஓர் ஒளி வந்திருந்தது. நல்ல சொல்லைக் கண்டுபிடித்தவனின் ஒளி. அவளுக்கு எது பிடிக்கும் என்று தேடி, அதை அழகாக வைத்துத் தர அவன் முனைந்திருந்தான். கையில் பேனா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"ரஸ்" என்றாள் அவள். "திரும்பவும் எழுதறே."

அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

"ஞாபகம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லு."

"இல்லை" என்றான் அவன், மெல்ல. "நான் படிக்கவே இல்லை, லோர். உன் பேரைப் பார்த்ததும் பதறிட்டேன். பஞ்சை எடுத்துட்டேன்."

பாட்டிலில் நிறம் ஏறிய நீர் சொட்டுச் சொட்டாக இறங்கிய அந்த ஐந்து மாதத்தில், முகம் தெரியாத ஓர் இளைஞன் அவளுக்கென்று ஒரு வரி எழுதியிருந்தான். உலகத்தில் அதைப் படித்தவர் எவரும் இல்லை. எழுதியவனுக்கும் இப்போது அது நினைவிருக்காது. இருந்தாலும் அவன் உறையைப் பிரிக்கப்போவதில்லை.

லோர்னா சுத்தமான கையெழுத்துள்ள அட்டையைப் பையிலிருந்து எடுத்து, உப்புக் குப்பிக்குப் பக்கத்தில், அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பிறகு மறுநாளைக்கென்று அவன் அடுக்கியிருந்த அட்டைகளில் வலப்பக்கம் இருந்த தன்னுடையவற்றை எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்குத்தானே?" என்றான் ரஸ். "கார் சாவி என்கிட்ட இருக்கு. பின்பக்க மைதானத்துக்கு..."

"நீ போ. நான் பஸ்ல வந்துக்கறேன்."

"அங்க ஆளுக்கு ஒண்ணுதான் போடுவாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து நின்னாத்தானே..."

"எனக்கு ஒண்ணு போதும். உன் கார்டை நீ நீட்டு. என்னோடதை நான் நீட்டிக்கறேன்."

வெளியே, நீர் இறைக்கப்பட்டுக் காய்ந்து கிடந்த நீச்சல் குளத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பெயரைத் தேய்த்திருந்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். உச்சிவெயில் நேராக விழுந்தது. பள்ளங்கள் எல்லாம் ஒளியில் நிரம்பிவிட்டன. அவள் பெயர்கூடத் தெரியவில்லை. எப்படித் திருப்பினாலும் மங்கிய வெள்ளைப் பட்டை மட்டுமே தெரிந்தது. ஒளி சாய்ந்தால் ஒருவேளை ஓர் எழுத்தாவது எழும். மேற்குச் சுவருக்கு மேலே வெயில் இறங்க இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. அவள் நாற்காலியை மேற்குப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.